பங்கீட்டு அரிசியும் நம் தோட்டப்புற நாவல் ஆய்வுகளும்

மலேசியத் தமிழ் நாவலில் போர் என்றவுடன் சயாம் மரண இரயிலே நினைவுக்கு வருகிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகியன அவ்வவலத்தை நிலைபெறச் செய்தன. ஆனால், இந்நாவல்களை அணுகும் நம் ஆய்வேடுகள் அவலச்சுவையோடு நின்றுவிடுகின்றன. இக்குறையில் நமக்கும் பங்குண்டு. போர் மனிதரை வாரிச் சென்றதோடு, அரிசியை அளக்கும் கையையும் மாற்றியது.

போருக்கு முன் தோட்டத்தில் அரிசி அளந்தது நிருவாகம். 1934ஆம் ஆண்டின் அனைத்துலக இரப்பர் ஒப்பந்தத்தால் உற்பத்தி அளவை அரசு வரையறுத்தது உண்மையே. தொழிலாளியின் உலைவரை அது வரவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் பர்மா, சயாம் அரிசி வரத்துக் குன்றியது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. மீண்டு வந்த ஆங்கில ஆட்சியும் பங்கீட்டைக் கைவிடவில்லை. 1946இல் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் இயற்றியது.

1948 ஜூன் 16 அன்று பேராக், சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடையாள அட்டை வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு சேராதிருக்க, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தொழிலாளர் வேலைக்குச் சோறு கொண்டுசெல்லத் தடை, வாயிலிலே சோதனை. விடியுமுன் வெளிக்காட்டுக்குப் போய், மரம் சீவி, அங்கேயே பசியாறிப் பழகியவர்க்கு இது எத்தகைய மாற்றம்! 1950களின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் நடந்த ‘ஜிஞ்சர்’ நடவடிக்கை பசியையே ஆயுதமாக்கியது. கதையில் தூக்குச்சட்டி வருமிடத்தை வெறும் தோட்டப்புற வருணனையெனக் கடக்கும் ஆய்வாளர், அரசு அடுப்படிக்குள் நுழைந்த இடத்தைத் தவறவிடுகிறார்.

கட்டுப்பாடு யாவும் ஒடுக்குமுறையே என முடிப்பதற்கும் நாம் உடன்படோம். அதே அவசரகாலத்தில்தான், 1951இல், ஊழியர் சேமநிதி உருவாயிற்று. தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்த முதியோர் பலர்க்கு அதுவே கைம்முதல். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. மறு ஆண்டே பொருள் வழங்கீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சீனி, சமையல் எண்ணெய் முதலியன இன்றும் அதன் கீழ் உள்ளன. 1946ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ 2011இல்தான் நீக்கம் பெற்றது. போர்க்காலத்தை 1945இல் முடித்துவிடும் நம் காலப்பகுப்பு இங்கே பொருந்தவில்லை.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. வாயிற்சோதனையை நேரில் கண்டோர் எண்பதைக் கடந்தவர்கள். சயாமுக்குப் போனவர் யார் என்று மட்டும் அவர்களிடம் கேட்டுத் திரும்பும் நம் மாணவர், காலைச் சோற்றை எங்கே உண்டார்கள் என்பதையும் இப்போதே கேட்டு வரட்டும்.