மியூரியல் றூக்கைசர்: சமாதானக் கவிதையின் வர்க்க வேர்கள்

அமெரிக்க யூதக் கவிஞரான மியூரியல் றூக்கைசரைச் (1913–1980) சமாதானப் போராளி எனப் போற்றுவோர், பெரும்பாலும் அவரது வாழ்வின் பிற்பகுதியிலிருந்தே தொடங்குவர். 1972 இல் ஹனோய் சென்றமை, வியற்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனிற் சிறைப்பட்டமை, 1975 இல் சிறையிலிருந்த கவிஞர் கிம் சி ஹாவுக்காகத் தென்கொரியா சென்றமை ஆகியன அடுக்கிக் கூறப்படும். இவை யாவும் உண்மையே. ஆயின் இவற்றை இளகிய நெஞ்சமொன்றின் மனிதாபிமான வெளிப்பாடுகளாக மட்டும் கொள்ளும்போது, அவரது கவிதையின் அடித்தளம் மறைக்கப்பட்டுவிடுகின்றது என்பதே எமது கருத்து.

நியூயோர்க்கின் வசதிபடைத்த குடும்பமொன்றிலே பிறந்தவர் அவர். தந்தையார் மணல், சரளைக்கல் வியாபாரத்திற் பங்காளர். இது மனங்கொள்ளத்தக்கது, ஏனெனில், றூக்கைசரின் தலையாய படைப்பு பாறைத் தூசினால் மாண்டவரைப் பற்றியது. மேற்கு வேர்ஜீனியாவிலே 1930 இல் தொடங்கிய ஹோக்ஸ் நெஸ்ற் சுரங்கவழி வேலையில், பெரும்பாலும் கறுப்பினத்தவரான தொழிலாளர் முகமூடியின்றிச் சிலிக்காப் பாறையைத் துளைத்தனர். நீர் பாய்ச்சித் துளைத்திருப்பின் தூசு அடங்கியிருக்கும்; உலரத் துளைப்பதோ விரைவானது. நுரையீரல் இறுகி இறந்தோர் 764 பேர் என 1986 இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. வேலை யூனியன் கார்பைட்டுக்காக நடந்தது. (1984 இன் போபாலை அறிந்தோருக்கு அப்பெயரை அறிமுகஞ்செய்ய வேண்டியதில்லை.)

1936 இல் றூக்கைசர் அங்கு நேரிற் சென்றார். அதன் பேறான ‘மரித்தோர் நூல்’ என்னும் கவிதைத் தொடரிலே காங்கிரஸ் விசாரணைச் சாட்சியமும் பங்குச்சந்தை விலையும் கவிதையடிகளாகின்றன. மூன்று மைந்தரை இழந்த தாயொருத்தி, அவர்தம் நெஞ்சைக் கதிர்ப்படம் எடுப்பதற்கான பணத்தை வீதியிலே இரந்ததைக் கூறுகிறாள். அவளது பேச்சினூடே பண்டை எகிப்திய மரணச்சடங்கு நூலின் குரல் புகுகின்றது. தொன்மம் வர்க்க முரண்பாட்டை மங்கச் செய்வதாக முற்போக்கு விமரிசகர் சிலர் வாதிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. தாயின் கூற்று இறுதிவரை செலவுக் கணக்காகவே நிற்கின்றது. தொன்மம் அவளுக்கு வழக்குரைக்கும் தகுதியை அளிக்கின்றது. தொடரின் முடிவுப் பகுதி உலக வரலாறு முழுவதையும் அணைக்க முயன்று தளர்ந்துவிடுவதை வேண்டுமானாற் குறையெனலாம்.

அதே 1936 இல், மக்கள் ஒலிம்பிக் பற்றி எழுதச் சென்ற அவர், பார்சலோனாவிலே ஸ்பானிய உள்நாட்டுப் போரின் தொடக்கத்தைக் கண்டார். அவ்வனுபவத்திற் பிறந்த கவிதையும் சுரங்கக் கவிதைகளும் 1938 இல் ஒரே தொகுதியில் இடம்பெற்றமை தற்செயலன்று. தொழிலாளியின் மூச்சைச் செலவினமாகக் கணிக்கும் அமைப்பே போரையும் நடத்துகின்றது என்பது அவர் இவ்விரு நிலங்களிலும் கற்றதாகும். யூதராயிருத்தலை ஏற்கவோ மறுக்கவோ கூடிய ஒரு கொடையாகக் காணும் அவரது 1944 ஆம் ஆண்டுக் கவிதையையும் இப்பின்னணியிலேயே வாசித்தல் வேண்டும். பின்னர் அது யூத வழிபாட்டு நூல்களிற் சேர்ந்தபோது இத்தொடர்பு அறுந்துபோயிற்று.

கிம் சி ஹாவின் சிறைவாயிலில் நின்று பிறந்த 1976 ஆம் ஆண்டுக் கவிதைகளிலே ஆழ்ந்த தோழமை உண்டு. ஆயினும் அந்தத் தாயின் கணக்கிலே கண்ட கூர்மையை நாம் அவற்றிற் காணவில்லை.