‘ஸ்கூல்’ என்னும் சொல்லும் நமது பள்ளியும்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் என் தங்கை மகன் சென்ற மாதம் விடுமுறைக்குக் கடலூர் வந்திருந்தான். கையில் ஒரு புதிய நூல். இஸ்லாமிய வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை யாரோ தமிழாக்கியிருக்கின்றனர். அச்சும் கட்டும் நேர்த்தியாகவே இருந்தன. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "மாமா, இஸ்லாத்தில் நான்கு பள்ளிகள் உண்டு என்று இதில் போட்டிருக்கிறதே! மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ், மூன்றும் எனக்குத் தெரியும். நான்காவது பள்ளி எது?"

நூலை வாங்கிப் பார்த்தேன். ‘ஹனபிப் பள்ளி, மாலிக்கிப் பள்ளி, ஷாபிஈப் பள்ளி, ஹன்பலிப் பள்ளி’ என நான்கும் வரிசையாக நின்றன. மூலத்தில் ‘ஸ்கூல்’ என்று இருந்திருக்க வேண்டும். அகராதியை விரித்த கை, அங்கே முதலில் அகப்பட்ட ‘பள்ளி’யை எடுத்து வைத்துவிட்டது. பிள்ளையின் கேள்விக்கு நகைப்பதா, நூலுக்கு வருந்துவதா என்று அறியாமல் சிறிது நேரம் வாளாவிருந்தேன்.

இதனை வெறும் சொற்பிழை என்று தள்ளிவிட இயலாது. ஷாபிஈகளும் ஹனபிகளும் அடுத்தடுத்து வாழும் நம் கரையோர ஊர்களில் ‘ஷாபிஈ பள்ளி’ என்றால் அது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட ஒரு கட்டடம். அஸர் பாங்கு சற்று முன்னதாகவே ஒலிக்கும் பள்ளிவாசல். அந்நூலைப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை, மார்க்கச் சட்டத்தை வகுத்த இமாம்கள் நால்வரும் ஆளுக்கொரு பள்ளிவாசல் கட்டிப் பிரிந்து போனவர்கள் என்றே எண்ணுவான். அவ்வாறு எண்ணினால் குற்றம் அவனுடையதன்று.

ஆங்கிலேயரின் ‘ஸ்கூல்’ கிரேக்கரின் ‘ஸ்கோலே’ என்னும் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. கிரேக்கத்தில் அதன் பொருள் ஓய்வு! வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டாதவனின் ஓய்வு நேரம், அந்நேரத்தில் நிகழ்ந்த அறிவுரையாடல், அது நிகழ்ந்த இடம், அங்கே ஓர் ஆசானைச் சூழ்ந்த மாணாக்கர், அம்மாணாக்கர் கைக்கொண்ட கொள்கை என்று பொருள் படிப்படியாக வளர்ந்தது. எனவே கட்டடத்தையும் கொள்கை மரபையும் ஒரே சொல்லால் சுட்டுவது அவர்களுக்கு இயல்பு. மீன்கூட்டத்தையும் ‘ஸ்கூல்’ என்பர். அது டச்சு மொழியிலிருந்து வந்து உருவத்தால் மட்டும் ஒத்துப்போன வேறொரு சொல். நல்லவேளையாக, கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு மத்திப் ‘பள்ளி’ வலையில் விழுந்ததாக இதுவரை எவரும் மொழிபெயர்க்கவில்லை.

போர்த்துக்கீசியரிடம் அச்சொல்லைப் பெற்ற மலாய்க்காரர் ‘ஸெகோலா’ என்றனர். துருக்கியரோ ‘மெக்தெப்’ என்று வழங்கிய அரபுச் சொல்லைக் கைவிட்டு, 1930-களில், ‘ஓது’ என்று பொருள்படும் தம் மொழி வினையிலிருந்து ‘ஒகுல்’ என ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். பிரெஞ்சுக்காரரின் ‘எகோல்’ என்னும் ஓசையும் அதில் ஒலிப்பது தற்செயலன்று என்பர்.

அரபு மொழி இவ்விடத்தில் மிகத் தெளிவுடையது. எழுதப் பழகும் இடம் மக்தப். பாடம் பயிலும் இடம் மத்ரஸா. இதன் வேர் ‘தரஸ’. களத்தில் கதிரைப் போரடிப்பதற்கும், கால்பட்டுக் கால்பட்டு ஒரு தடம் தேய்வதற்கும் அரபியர் இவ்வினையையே வழங்குவர். சுபுஹுக்குப் பின் அமர்ந்து ஒரே பக்கத்தை நாற்பது முறை ஓதிய மாணவனுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. மத்ஹபு என்பதோ ‘தஹப’, அதாவது ‘சென்றான்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. செல்லும் வழி என்பதே அதன் பொருள். ஒன்று அமரும் இடம். மற்றொன்று நடக்கும் வழி. ‘ஸ்கூல்’ இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டுகிறது.

ஆங்கிலேயர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. மத்ரஸாக்கள் பல, குறிப்பிட்ட ஒரு மத்ஹபைப் போதிக்கவே எழுந்தன. நிஜாமுல் முல்க் எழுப்பி கி.பி. 1067-இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா, ஷாபிஈ சட்டத்தைப் பயிற்றுவதற்கென்றே அமைந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091-இல் அங்கே ஆசிரியப் பொறுப்பேற்றார்கள். ஆனால் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 204-இல், அதாவது கி.பி. 820-இல். வழி, கட்டடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு மூத்தது. கட்டடம் பக்தாதில் மண்ணோடு மண்ணாயிற்று. வழியோ இன்றும் பறங்கிப்பேட்டை வரை வந்து கிடக்கிறது.

இனி நம் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ‘பள்ளி’யைத் தேடினால் ஊர், இடையர் சேரி, துறவியர் உறைவிடம், அறை, துயிலிடம், பாடம் பயிலும் இடம் எனப் பொருள்கள் விரிகின்றன. மதுரையை அடுத்த மாங்குளத்துப் பாறைகளில் இற்றைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்துகளில், துறவிக்கு அமைத்துக் கொடுத்த குகையைப் ‘பள்ளி’ என்று குறித்திருப்பதை அறிஞர் படித்துச் சொல்லியுள்ளனர். படுத்தல் முதற்பொருள், பற்றற்றார் படுக்கும் இடம் அடுத்த பொருள், அவரிடம் பாடம் கேட்கும் இடம் அதற்கடுத்தது.

இம்மூன்றும் ஒருங்கே நிகழ்ந்த ஊர் நம் கடலூரே. கி.பி. 458-இல் சர்வநந்தி என்னும் சமண முனிவர் பாடலிகம் என்ற ஊரில் ‘லோகவிபாகம்’ எழுதி முடித்தார் என்பது அந்நூலின் வடமொழி வடிவம் தரும் செய்தி. அவ்வூர் இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பது ஆய்வாளர் துணிபு. திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயரோடு சமணராய் வாழ்ந்ததும் இவ்வூர்ப் பள்ளியிலேயே எனப் பெரியபுராணம் கூறும். பின்னர்ப் பல்லவ மன்னன் அப்பள்ளியை இடித்து, அதனைக் கொண்டு திருவதிகையில் சிவனுக்குக் கோயில் எடுத்தான் என்பதும் சேக்கிழார் வாக்கே. கட்டடம் போயிற்று, சொல் போகவில்லை. சிதம்பரத்துக் கோயிலுக்குள் கோவிந்தராசப் பெருமாள் ‘பள்ளி’ கொண்டிருக்கிறார். மலையாள நாட்டில் கிறித்தவரின் தேவாலயமும் பள்ளி, மாப்பிள்ளை முஸ்லிம்களின் இறையில்லமும் பள்ளி.

நம் முன்னோர் மஸ்ஜிதைப் ‘பள்ளிவாசல்’ என்றபோது, வேறு சொல் அகப்படாமல் இதை எடுத்தனர் என்று நான் எண்ணவில்லை. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் ஸுஃப்பா என்றொரு நிழலிடம் இருந்தது. வீடற்ற ஏழைத் தோழர்கள் அங்கேயே உறங்கினர், அங்கேயே தொழுதனர், அங்கேயே கற்றனர். தமிழில் எழுதிய ஆலிம்கள் அவர்களைத் ‘திண்ணைத் தோழர்’ என்றனர். துயிலிடம், தொழுமிடம், பயிலிடம் மூன்றையும் ஒருசேரத் தாங்கும் சொல் ஆங்கிலத்திலும் இல்லை; மஸ்ஜித் என்னும் அரபுச் சொல்லின் வேரும் ஸஜ்தாவை மட்டுமே சுட்டும். தமிழில் இருந்தது.

இத்தகைய சொல்லைத்தான் மேற்படி மொழிபெயர்ப்பாளர் மத்ஹபுக்கு எடுத்துச் செலவழித்துவிட்டார். இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலகத்தில் படிவம் ஒன்றை நிரப்ப நேர்ந்தது. எழுத்தர், "எங்கே படித்தீர்கள் பாய்?" என்றார். "மத்ரஸாவில் ஏழாண்டு ஓதி ஸனது பெற்றேன்" என்றேன். "அது சரி, பள்ளிக்கூடம் போனதுண்டா?" என்று கேட்டார். அவரிடம் கடுமை ஏதும் இல்லை. உண்மையாகவே அறியாமல் கேட்டார். நான் விடைகூறும் முன்பே, கல்வி என்னும் கட்டத்தில் ‘எழுதப் படிக்கத் தெரியும்’ என்று அவர் பேனா எழுதி முடித்துவிட்டது. நஹ்வு, ஸர்ஃபு என்னும் இலக்கணங்களும், மன்திக் என்னும் தருக்கமும், ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கணக்கும் அம்மூன்று சொற்களுக்குள் அடங்கிப்போயின.

கெய்ரோவில் கணக்கும் பூகோளமும் பயிலச் செல்லும் சிறுமியும் மத்ரஸாவுக்கே செல்கிறாள். அரபு மொழியில் அது பள்ளிக்கூடம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆங்கில ஏடுகள் அச்சொல்லை மட்டும் பெயர்க்காமல் அப்படியே வைத்து, அதற்கு ஓர் அச்சச் சாயலும் பூசின. தமிழ் நாளேடுகள் அதை வாங்கி அப்படியே அச்சிட்டன. பெயர்க்கத்தக்க மத்ரஸாவைப் பெயர்க்காமல் விட்டதும், பெயர்க்கலாகாத மத்ஹபைப் பெயர்த்ததும் ஒரே கவனக்குறைவின் இரு முகங்கள்.

நம் வீடுகளிலும் குறை உண்டு. ‘மூத்தவன் படிக்கிறான், இளையவன் ஓதுகிறான்’ என்று நம் பெண்மக்கள் கூறுவது வழக்கம். இளையவன் படிக்கவில்லை என்று கேட்பவர் பொருள் கொண்டால் அவரை நோவானேன்? ‘ஓதல்’ தாழ்ந்த சொல்லன்று. தலைவன் பிரிவுக்குரிய காரணங்களுள் அதனைத் தொல்காப்பியர் முதலில் வைத்தார். சைவர் தம் தேவாரம் பாடுவோரை ஓதுவார் என்கின்றனர். ஆயினும் படிப்புக்கு எதிர்ச்சொல்லாக அதை நிறுத்தியவர்கள் நாமே.

எதைப் பெயர்ப்பது, எதை விடுவது என்பதற்கு வெளியே சென்று வழிகாட்டி தேட வேண்டியதில்லை. பறங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவில் நிறைவுற்ற சீறாப்புராணத்தை எடுத்துப் பாருங்கள். உமறுப் புலவர் மக்காவின் மலைக்கும் பாலைக்கும் தமிழ் நிலத்தின் சொற்களைத் தாராளமாக வழங்கினார். நூற்பிரிவுக்குக் ‘காண்டம்’ என்னும் வழக்கையே கொண்டார். ஆனால் அக்காண்டங்களின் பெயர்களில் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் அரபுச் சொற்களை அப்படியே நிறுத்தினார். ஹிஜ்றத்தை ‘இடப்பெயர்ச்சி’ என்று எழுத அவருக்குத் தமிழ் தெரியாமலா இருந்தது?

தங்கை மகனின் நூலில் ‘பள்ளி’ வந்த இடங்களையெல்லாம் இருவரும் அமர்ந்து பென்சிலால் திருத்தினோம். சட்டம் பற்றிய இயலில் பதினேழு இடங்களில் ‘மத்ஹபு’ என்று எழுதினான். நிஜாமிய்யா பற்றிய பக்கத்தில் ‘பக்தாதின் புகழ்பெற்ற மதரசா’ என்று அச்சாகியிருந்தது. அதை அவனே அடித்துவிட்டு, ‘பள்ளி’ என்று எழுதி என் முகத்தைப் பார்த்தான்.