அப்ஜான் தீர்ப்பும் அதில் காணாமல் போன ஊழியரும்

அமெரிக்கக் கம்பெனிகளில் உள்விசாரணை என்று ஊழியரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், வக்கீல் முதலில் ஒரு அறிவிப்பு கொடுப்பார். நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல. நாம் பேசுவது இரகசியம்தான், ஆனால் அந்த இரகசியம் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி நினைத்தால் உங்களைக் கேட்காமலே அதை அரசாங்கத்திடம் கொடுக்கலாம். இதற்கு 'அப்ஜான் எச்சரிக்கை' என்று பெயர். வேடிக்கை என்னன்னா, 1981 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த அப்ஜான் தீர்ப்பில் இப்படி ஒரு எச்சரிக்கையே கிடையாது. தீர்ப்பு விட்டுவிட்டுப் போன இடத்தில் வக்கீல்கள் பின்னால் போட்ட ஒட்டு இது.

வழக்கு என்னவென்றால், அப்ஜான் ஒரு மருந்துக் கம்பெனி. அதன் வெளிநாட்டுக் கிளை ஒன்று அங்குள்ள அரசு அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்திருப்பதை 1976ல் தணிக்கையாளர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பெனியின் தலைமை வக்கீல் வெளிநாட்டு மேலாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார், பலரை நேரில் விசாரித்தார். வருமான வரித்துறை அந்தப் பதில்களையும் குறிப்புகளையும் கேட்டது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடக்கும் பேச்சைக் காட்டத் தேவையில்லை என்று கம்பெனி சிறப்புரிமை கோரியது. கீழ் நீதிமன்றமோ, கம்பெனியின் முடிவுகளை எடுக்கும் மேல்மட்டத்தினர் பேசினால்தான் அந்த உரிமை உண்டு என்றது.

நீதிபதி ரென்குவிஸ்ட் அதை மறுத்து எழுதியது சரிதான். கம்பெனியைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடுவது பெரும்பாலும் நடுமட்ட, கீழ்மட்ட ஆட்கள். விஷயமும் அவர்களிடம்தான் இருக்கும். அவர்களிடம் பேசாமல் வக்கீல் என்ன ஆலோசனை சொல்ல முடியும்? இந்த வாதத்தில் எனக்குக் குறை இல்லை.

குறை வேறு இடத்தில். கம்பெனிக்குச் சட்ட ஆலோசனை தேவைப்படுவதால்தான் கேட்கிறார்கள் என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தது என்று தீர்ப்பு குறிப்பிடுகிறது, அதோடு நகர்ந்துவிடுகிறது. எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரிவது ஒன்று. சொன்னதை யார் யாரிடம் கொண்டுபோகலாம் என்று தெரிவது வேறொன்று. இந்த இரண்டாவதைத் தீர்ப்பு தொடவே இல்லை. விசாரிக்கப்பட்ட 86 பேரில் 7 பேர் அப்போதே வேலையை விட்டுப் போனவர்கள். அவர்கள் கதை என்ன என்பதையும் முடிவு செய்யாமல் விட்டது. தீர்ப்பு முழுக்க ஊழியர் தகவல் வரும் குழாயாக மட்டுமே இருக்கிறார். குழாய்க்கு ஏது பயம்?

பாதுகாப்பு பேச்சுக்குத்தானே தவிர, நடந்த சம்பவத்துக்கு இல்லை; வரித்துறை அதே ஊழியர்களை நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. நியாயம்தான். ஆனா ஊழியர் பக்கம் நின்று பாருங்கள்: கம்பெனியிடம் வாயை மூடினால் வேலை போகலாம், திறந்தால் அது கம்பெனியின் சொத்து. 1985ல் வெயின்ட்ராப் வழக்கில் இன்னொரு படி: கம்பெனி திவாலானால், நிர்வகிக்க வருபவர் பழைய நிர்வாகிகள் பேசியதையும் வெளியே விடலாம்.

இது ஏட்டளவுப் பயம் இல்லை. பங்கு விருப்ப உரிமைகளுக்கு முன்தேதி போட்ட விவகாரத்தில் பிராட்காம் கம்பெனியின் நிதித் தலைவர் வக்கீல்களிடம் பேசினார். அதே வக்கீல் நிறுவனம் வேறு வழக்குகளில் அவருக்காகவே ஆஜராகியிருந்தது! அவர் சொன்னது தணிக்கையாளர்களுக்கும் பிறகு அரசுக்கும் போனது. எச்சரித்தோம் என்றார்கள் வக்கீல்கள். நினைவில்லை என்றார் அவர். விசாரணை நீதிபதி வக்கீல்கள் சொன்னதை நம்பவில்லை. ஆனால் 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தணிக்கையாளருக்குப் போகும் என்று தெரிந்தே பேசியது இரகசியமே ஆகாது என்றுவிட்டது. அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கே இந்தக் குழப்பம் என்றால், கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவருக்கு அந்த நாலு வாக்கிய அறிவிப்பு என்ன புரியும்?

நம் ஊரில் கணக்கு வேறு. மாதச் சம்பளத்துக்கு முழுநேர வேலை பார்ப்பவர் பார் கவுன்சில் விதிப்படி வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. அதனால் கம்பெனிக்குள் இருக்கும் சட்ட அதிகாரிக்கு சாட்சியச் சட்டத்தின் 132வது பிரிவு தரும் சிறப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று சொல்லிவிட்டது. 134வது பிரிவில் ஓரளவு பாதுகாப்பு உண்டு, அவ்வளவே. கம்பெனிகளுக்கு இதில் வருத்தம் இருக்கலாம். நான் பார்க்கும் இடம் வேறு: இங்கே 'லீகல்'லிலிருந்து அழைப்பு வந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் யாருக்காகக் கேட்கிறார் என்று சொல்ல ஒரு ஒட்டுப் போட்ட வழக்கம்கூட நம்மிடம் உருவாகவில்லை. அதை எழுத்தில், ஊழியருக்குத் தெரிந்த மொழியில், கேள்வி ஆரம்பிக்கும் முன்பே, சொந்த வக்கீலிடம் பேச ஒரு நாள் அவகாசத்தோடு கொடுக்கச் சொல்லி ஒரு விதி போட்டாலே போதும்.