சொல்வளம் தரும் நூலும் அறிவியல் மாணவரும்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்குப் பலரும் பரிந்துரைக்கும் நூல், நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1949-இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்நூல் 1978-இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. நம் ஊர் நடைபாதைக் கடைகளில்கூட இன்றும் இது விற்பனையாகிறது. பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கில வழியில் அறிவியல் கற்கத் தொடங்கும் மாணவர்களும் இதை நம்பி வாங்குகின்றனர். அவர்களுக்கு இது எந்த அளவு துணை செய்யும் என்பதை ஆராய்வோம்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். சொற்களை அகரவரிசையில் அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்லும் நூலன்று இது. ஒரு வேர்ச்சொல்லை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கிளைக்கும் சொற்களை ஒரு குடும்பமாகக் காட்டுகிறது. 'ஆந்த்ரோபோஸ்' என்றால் கிரேக்க மொழியில் மனிதன். இதை அறிந்தவருக்கு மானிடவியலைக் குறிக்கும் 'ஆந்த்ரோபாலஜி'யும், மனித குலத்தையே வெறுப்பவனைக் குறிக்கும் 'மிசந்த்ரோப்'பும் உறவுச் சொற்களாகிவிடுகின்றன. உரக்கச் சொல்லிப் பழகவும், தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளவும் பயிற்சிகள் உண்டு. கற்பிக்கத் தெரிந்த ஒருவரின் நூல் இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் வேர்ச்சொல் காட்டுவது சொல்லின் பிறப்பை மட்டுமே. அறிவியலில் சொல் பிறந்த இடம் ஒன்றாகவும், இன்றைய பொருள் வேறாகவும் இருப்பதுண்டு. 'ஆட்டம்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் 'பிளக்க முடியாதது'. 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபின் அந்தப் பொருள் நிலைக்கவில்லை; பெயர் மட்டும் நிலைத்தது. 'ஆக்சிஜன்' என்பதன் வேர்ப்பொருள் 'அமிலத்தை உண்டாக்குவது'. எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று கருதி லவாய்சியர் இட்ட பெயர் அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும் ஹைட்ரஜன் குளோரைடிலோ ஆக்சிஜனே இல்லை. வேரை மட்டும் நம்பும் மாணவர், கைவிடப்பட்ட ஒரு கொள்கையை அறிவியல் என்று எண்ணிவிடக்கூடும்.

இதைவிடப் பெரிய இடர் வேறொன்று. அறிவியல் மாணவரைத் தடுக்கி விழச் செய்பவை அரிய சொற்கள் அல்ல, எளிய சொற்கள். நூலின் தலைப்பில் உள்ள 'பவர்' என்ற சொல்லையே பாருங்கள். பேச்சுவழக்கில் அது வலிமை, அதிகாரம், மின்சாரம் என எதையும் குறிக்கும். இயக்கவியலில் அதற்கு வரையறுத்த பொருள் உண்டு: வேலை செய்யப்படும் வீதம். 'ஃபோர்ஸ்', 'எனர்ஜி', 'பவர்' ஆகியவற்றைப் பொது வழக்கில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக ஆள்வோர் உண்டு. இயற்பியலிலோ முதலாவது நியூட்டனாலும், இரண்டாவது ஜூலாலும், மூன்றாவது வாட்டாலும் அளக்கப்படும் மூன்று வெவ்வேறு அளவுகள். மின் கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல், அது திறனன்று.

'எ லைட் ஸ்ட்ரிங்' என்று கணக்கில் வந்தால், அந்த 'லைட்' ஒளியன்று. நிறையைப் புறக்கணிக்கலாம் என்ற கட்டளை. 'ஸ்மூத்' என்றால் உராய்வு இல்லை என்று பொருள். 'அட் ரெஸ்ட்' என்றால் ஓய்வு எடுப்பதன்று, நிலையாக இருப்பது. 'மொமென்ட்' இங்கே கணப்பொழுதன்று, விசையின் திருப்புத்திறன். இவற்றின் பொருள் தெரியாததால், கணக்கைச் செய்யத் தெரிந்த மாணவரும் விடைத்தாளை வெறுமையாக விட்டுவிடுகிறார். மதிப்பெண் குறைந்ததும், 'எனக்கு இயற்பியல் வராது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். உண்மையில் அவருக்கு வராதது நான்கைந்து சிறு சொற்களே! மனிதரின் குணங்களைக் குறிக்கும் சொற்களில் தொடங்கும் லூயிஸின் நூல் இந்தச் சொற்களைக் கற்பிக்க எழுதப்பட்டதன்று. ஆங்கிலத்தில் ஏற்கெனவே புழங்குபவர்களின் சொல்லாட்சியை உயர்த்துவதே அதன் நோக்கம். பிழை நூலில் இல்லை. எல்லா நோய்க்கும் அதையே மருந்தாகப் பரிந்துரைப்பதில் இருக்கிறது.

தமிழ் வழி மாணவர் தம்மிடம் உள்ள ஒரு செல்வத்தையும் மறந்துவிடக் கூடாது. 'ஸ்பீட்', 'வெலாசிட்டி' என்ற ஆங்கிலச் சொற்களைப் பார்த்த அளவில் வேறுபாடு புலப்படாது. 'வேகம்', 'திசைவேகம்' என்னும் தமிழ்ச் சொற்களிலோ வேறுபாடு வெளிப்படையாகவே இருக்கிறது. இத்தகைய கலைச்சொற்களைப் பள்ளியோடு விட்டுவிடாமல் கல்லூரிக்கும் கொண்டு வர வேண்டும்.

ஆகவே இந்நூலை வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அதன் முறையைக் கடன் வாங்குங்கள்; சொற்பட்டியலை உங்கள் பாடநூலிலிருந்து நீங்களே தொகுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல், தமிழ்க் கலைச்சொல், வரையறை, அலகு, அச்சொல் வரும் ஒரு கணக்கு ஆகியவற்றை எழுதி வாருங்கள். நாளொன்றுக்கு இரண்டு சொற்கள் போதும். ஓராண்டில் எழுநூறுக்கு மேல் சேர்ந்துவிடும். அந்தக் குறிப்பேடு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் தேர்வு அறையில் உங்களுக்குக் கைகொடுப்பது அதுவே.