பென்சில் பிடித்த எம்.பி.

சர் ரால்ஃப் வெர்னி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஸ்டூவர்ட் மன்னர்கள் காலத்து இங்கிலாந்து எம்.பி. மேடை முழக்கம் கிடையாது, மந்திரி பதவி கிடையாது. 1640-ல் ஆய்ல்ஸ்பரி தொகுதியிலிருந்து போனவர், சபையில் நடந்ததையெல்லாம் மடித்த காகிதத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டே இருந்தார். 1642 ஜனவரி 4-ந் தேதி முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க சபைக்குள்ளேயே நுழைந்தாரே, அந்தக் கதைக்கு இவர் கிறுக்கல் முக்கிய சாட்சி.

ஆசாமி துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டார். தான் எழுதும் பதிலுக்கும் நகல் வைத்துக்கொள்வார். (பி.காம். படித்தவனுக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால் தனி மரியாதை.) கிளேடன் மாளிகையில் சேர்ந்த 30,000-க்கும் மேற்பட்ட குடும்பக் கடிதங்களை வைத்து, பிற்காலத்தில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பார்த்தினோப் வெர்னி, அதாவது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா, எழுதியதுதான் 'வெர்னி குடும்ப நினைவுகள்'. முதல் இரண்டு தொகுதிகள் அவர் இறந்தபின் 1892-ல் வெளிவந்தன.

அலுக்காத புத்தகம். அப்பா சர் எட்மண்ட் அரசரின் கொடியைச் சுமந்தவர். அரசர் செய்வது சரியென்று அவருக்கே படவில்லை. ஆனாலும் செஞ்சோற்றுக் கடன்! எட்ஜ்ஹில் சண்டையில் உயிரை விட்டார். மகனோ பார்லிமென்ட் கட்சி. 1643-ல் மத விஷயத்தில் புது சத்தியப்பிரமாணம் எடுக்கச் சொன்னபோது மாட்டேன் என்று பிரான்ஸுக்குப் போய்விட்டார். சொத்து ஜப்தி. இரண்டு பக்கமும் ஒட்டாத நேர்மையாளர் என்று பார்த்தினோப் உருகுகிறார்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. சொத்தை மீட்க லண்டன் போனது யார்? மனைவி மேரி. 1646 கடைசியில், கர்ப்பிணியாக! அப்பா வைத்த கடன் கழுத்தை நெரிக்க, ரால்ஃப் வருவது ஆபத்து என்பது வாஸ்தவம்தான். ஆனால் கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்கியது அந்தப் பெண். 1647-ல் பெற்ற குழந்தை சில மாதங்களில் இறந்தது. அதே சமயம் பிரான்ஸில் விட்டு வந்த மகளும் போய்ச் சேர்ந்தாள். 1648 ஜனவரியில் ஜப்தி நீங்கியது. 1650-ல் மேரியும் இல்லை.

பார்த்தினோப் எதையும் மறைக்கவில்லை, கடிதங்களை அப்படியே அச்சிடுகிறார். வரவை மட்டும் கணவர் கணக்கில் எழுதிவிடுகிறார்! கிளேடனில் விட்டுப்போன தங்கைகள், அவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராத சீர்ப்பணம் எல்லாம் அவரே தரும் தகவல்கள்தான். கூட்டிப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

ரால்ஃப் 1696 வரை இருந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அட்ரியன் டின்னிஸ்வுட் 2007-ல் எழுதிய 'வெர்னிகள்' படிக்கச் சுலபம். ஆனால் நீங்கள் பழைய இரண்டாம் தொகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். மேரி லண்டனிலிருந்து எழுதிய கடிதங்கள் அதில்தான் இருக்கின்றன.