அலிபிரிப் படிகளில் ஒரு சிப்பாய் பாட்டில்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். காலி கோபுரம் வரை ஏற்றம் முழங்காலைப் பிடிக்கும். சித்திரை வெயிலில் ஏறினால் தோளில் தொங்கும் தண்ணீர் பாதி வழியிலேயே வெந்நீராகிவிடும். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலைச் சோதிக்க இதைவிடக் கறாரான இடம் கிடைக்காது.

சோதனைக்கு எடுத்தவை இரண்டு. ஒன்று, இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் சுமந்த வகையைச் சேர்ந்த பழைய இரும்பு பாட்டில். மற்றது, என்.சி.சி. முகாம்களில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் ஆலிவ் பச்சை பிளாஸ்டிக் பாட்டில்.

இரும்பு பாட்டிலைக் கையில் எடுத்ததும் கனம் தெரிகிறது. எனாமல் பூசிய உடல், அதன்மேல் இறுக்கித் தைத்த காக்கி நிறக் கம்பளி உறை, வாயில் கயிறு கட்டிய தக்கை. பிடிக்கும் தண்ணீர் இரண்டு பைன்ட், அதாவது சுமார் 1.1 லிட்டர். இடுப்போடு ஒட்டி நிற்கும்படி ஒரு பக்கத்தை உட்குழிவாக வளைத்திருக்கிறார்கள். படியேறும்போது அது ஆடுவதில்லை, விலாவில் இடிப்பதும் இல்லை.

ஆனால் இதன் உண்மையான சாமர்த்தியம் உறையில்தான் இருக்கிறது. கீழே குழாயடியில் கம்பளியை நன்றாக நனைத்துக்கொண்டு ஏறினால், உறையின் ஈரம் ஆவியாகும்போது பாட்டிலின் சூட்டையும் உடன் கொண்டுபோகிறது. நம் வீட்டு மண்பானை செய்வதும் இதே வேலைதான். ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரி குளிர, வெளிச்சூடு சேராத நிலையில், வெறும் 17 கிராம் ஈரம் ஆவியானால் போதும். வெயில் தொடர்ந்து சூடேற்றுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். காற்று உலர்ந்திருக்கும் திருப்பதிக் கோடையில் இந்த உத்தி நன்றாகவே பலிக்கிறது. கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

ஆளுக்கொரு பாட்டில் என்ற ஏற்பாடு வருவதற்கு முன்னால் இந்த மண்ணைக் கடந்த படைகள் தண்ணீரை மாட்டின்மேல் ஏற்றிச் சென்றன. ஹைதர் அலி 1782 டிசம்பரில் உயிர்விட்டது சித்தூர் அருகே போட்டிருந்த பாசறையில்தான். அந்தக் காலப் படைகளோடு தோல்பைகள் சுமந்த எருதுகளும் நடந்தன. மெட்ராஸ் படையில் அந்தத் தண்ணீர்க்காரருக்கு ‘பக்காலி’ என்று பெயர். அவர் பின்தங்கினால் படையே தாகத்தோடு நிற்க வேண்டியதுதான். போர்க்களக் கதைகளில் அவருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது.

பழைய பாட்டிலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கீழே விழுந்தால் எனாமல் தெறிக்கும், தெறித்த இடத்தில் துருப் பிடிக்கும். தக்கை நாளாக ஆக ஊறி நாறும். வாய் குறுகல் என்பதால் உள்ளே கைவிட்டுத் தேய்க்க வழியில்லை. காட்டுப் போருக்காக பிரிட்டிஷார் வடிவமைத்த 1944 பேட்டர்னில் இவற்றில் பல தீர்ந்தன: அலுமினிய உடல், திருகு மூடி, பாட்டிலின் அடியில் செருகிக்கொள்ளும் குவளை. அமெரிக்கப் படை 1910ஆம் ஆண்டு மாதிரியிலேயே பாட்டிலையும் குவளையையும் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்திவிட்டது. அந்தக் குவளையை அடுப்பில் வைத்து டீ போடலாம். வியட்நாம் போர்க்காலத்தில் அவர்கள் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

நம் பச்சை பிளாஸ்டிக் பாட்டிலும் அந்த வழியில் வந்ததுதான். எடை குறைவு, துரு இல்லை, பாறையில் மோதினாலும் ஓசை கம்மி. ஆனால் துணி உறை இல்லாமல் வெயிலில் ஏற்றிக்கொண்டு போனால் தண்ணீர் சூடாகி, பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து தொண்டையில் இறங்க மறுக்கிறது. போதாததற்கு, திருமலையில் 2022 முதல் பிளாஸ்டிக் தடை கடுமையாக அமலில் இருக்கிறது. அலிபிரிச் சோதனைச் சாவடியில் பேச்சுக்கு இடம் வைக்காமல் உலோக பாட்டிலோடு போவதே நல்லது.

மலையேறுபவர் பழைய இரும்பு பாட்டிலைத் தேடி அலைய வேண்டாம். துருப் பிடிக்காத ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில் ஒன்றும், அதற்கு அளவாகத் தைத்த தடித்த கம்பளியோ பருத்தி கான்வாஸோ இருந்தால் போதும். வெற்றிடச் சுவர் கொண்ட ஃபிளாஸ்க்குக்கு இந்த உறை பயன்படாது, சூடு உள்ளிருந்து வெளியே வராது. வழியில் குழாயைக் கண்டால் பாட்டிலை நிரப்புவதோடு உறையையும் ஒருமுறை நனைத்துக்கொள்ளலாம். இறங்கி வந்ததும் உறையைக் கழற்றித் தனியே உலர்த்த வேண்டும், இல்லையென்றால் அடுத்த நடைக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.