திண்ணையும் ரோயாக்கும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாயிலையொட்டித் தெருவை நோக்கி அமைந்த உயர்ந்த தாழ்வாரத்தை வங்காளத்தில் ‘ரோயாக்’ என்பர். பேச்சில் அது ‘ரொக்’ எனச் சுருங்கும். இதனைத் தமிழில் ‘திண்ணை’ எனப் பெயர்ப்பதே இயல்பாகத் தோன்றும். டாலிகஞ்சில் குடியேறிய தொடக்கத்தில் இக்கட்டுரையாளரும் ஒரு சிறுகதையில் அவ்வாறே பெயர்த்ததுண்டு. அப்பெயர்ப்பு பொருந்தாது என்பதே இன்றைய கருத்து.

வசைச்சொல் அளவில் இரண்டும் ஒன்றே. தமிழில் ‘திண்ணைதூங்கி’ எனப்படுபவனை வங்காளத்தார் ‘ரொக்பாஜ்’ என்பர். வேறுபாடு உரிமையில் உள்ளது.

நாராயண் கங்கோபாத்யாயின் டெனிதா கதைகளில் நான்கு இளைஞர் பட்டல்டாங்காவிலுள்ள சாட்டர்ஜி வீட்டு ரோயாக்கில் கூடுகின்றனர். டெனிதா முகர்ஜி குடும்பத்தவர்; பியாலாராம் பானர்ஜி; ஹாபுல் சென்; கியாப்லா மித்திரர். ஒருவர்கூட சாட்டர்ஜி அல்லர் என்பது நோக்கத்தக்கது. வீட்டுக்காரர் பெயர் இங்கு முகவரியாக மட்டுமே எஞ்சுகிறது. தீபேஷ் சக்கரவர்த்தி 2000ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ‘அட்டா’ என்னும் அரட்டை மரபை ஆராயுமிடத்து, ரோயாக்கில் இளைஞர் கூடுவதை நடுத்தர வகுப்பு வீட்டார் தம் மதிப்புக்கு இழுக்கெனக் கருதி வெறுத்தனர் என்கிறார். அழைப்பின்றி அமர்வதே அவ்விடத்தின் இலக்கணம் எனலாம். (அவ்வுரிமையும் ஆண்களுக்கே வாய்த்தது.)

தமிழ்த் திண்ணையோ இசைவின்பாற்பட்டது. வழிப்போக்கன் உறங்குவதும், உ.வே.சா. ‘என் சரித்திர’த்தில் காட்டும் திண்ணைப் பள்ளிக்கூடம் நடப்பதும் வீட்டாரின் உடன்பாட்டால்தான். யார் ஏறலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதைச் சாதி வரையறுத்தது. இதனை மறந்து திண்ணையைப் பொதுவெளியாகப் போற்றும் கட்டுரைகள் நம்மிடையே மிகுதி. திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவர் மழையிரவில் கூடியதாகச் சொல்லப்படும் இடம் திண்ணை அன்று, இடைகழி. எனினும் அங்கும் முன்வந்தவர் பின்வந்தவருக்கு இடம் தருகிறார். கிடந்தவர் இருக்கிறார், இருந்தவர் நிற்கிறார். வைணவ மரபு அந்நிகழ்வில் இடந்தரும் செயலையும் போற்றுகிறது.

டாலிகஞ்சில் பழைய வீடுகள் பல அடுக்ககங்களாகிவிட்டன. ரோயாக் இருந்த இடத்தில் கார் நிறுத்துகின்றனர். சொல் மட்டும் கதைகளில் நிலைத்திருப்பதால் அதனை அவ்வாறே எடுத்தாண்டு, முதலிடத்தில் ஒரு விளக்கம் தருதல் தகும். ‘சாட்டர்ஜி வீட்டுத் திண்ணை’ என்று படிக்கும் தமிழ் வாசகர் வீட்டுக்காரரை எதிர்பார்த்திருப்பார், அவர் வருவதில்லை.